மலைநாட்டுக் காணிகளும் பகிரங்க ஏலமும்

நானுஓயாப் புகையிரத நிலையத்தில் வந்து இறங்குகின்ற ஒருவர், மேடையில் நின்றவாறே நாற்றிசையும் கண்ணோட்டினால், படிப்படியாக உயர்ந்து செல்லும் தேயிலைச் சரிவுகளையும், அவற்றினிடையே வரிசை வரிசையாக அமைந்த லயங்களையும், அவற்றுக்கு மேலே துரைமாரின் பங்களாக்களையும், எல்லாவற்றுக்கும் மேலே மேகம் கவிந்த காட்டையும் காண்பார். கடல் மட்டத்திற்கு ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட இவ்விடத்துக்கு 1885ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. அதற்கு முன்னரே இச்சரிவுகளின் பெரும்பகுதி விற்றுத் தீர்ந்திருந்தது. யார் விற்றார், யார் வாங்கினார், எந்த விதிப்படி விற்பனை நடந்தது என்ற கேள்விகளுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மலைநாட்டு வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பியில் தொடங்குவார்கள். அல்லது மன்னாரில் கரையிறங்கி மாத்தளைக்கு நடந்த நம் முன்னோரின் துயரப் பயணத்தில் தொடங்குவார்கள். இரண்டும் சரியான தொடக்கங்களே. ஆயினும், அம்முன்னோர் வந்து சேர்ந்தபோது அவர்கள் வெட்டித் திருத்த வேண்டிய காடு முன்னமே ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அவ்வெழுத்து ஏலத்தில் பிறந்தது. ஆகவே ஏலத்தில் தொடங்குவதே முறை என எனக்குத் தோன்றுகிறது.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைப்பட்டது. அதன் பின் சில ஆண்டுகள் வரை காணிகளை இனாமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தேசாதிபதி விரும்பியவருக்கு, பயிரிட வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலம் அளிக்கப்பட்டது. 1830களின் தொடக்கத்தில் பிரித்தானியக் குடியேற்ற அலுவலகத்தின் கொள்கை மாறிற்று. நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்திற்கென 1831இல் வகுக்கப்பட்ட விதிகள், ரிப்பன் பிரபுவின் விதிகள் எனப் பெயர் பெற்றவை. அவ்விதிகளின் சாரம் ஒன்றே: இனிமேல் அரசுக்குரிய நிலத்தை எவருக்கும் இனாமாகக் கொடுத்தலாகாது; பகிரங்க ஏலத்தில், குறித்த அடிவிலைக்குக் குறையாமல், கூடிய விலை கேட்பவருக்கே கொடுத்தல் வேண்டும். இந்த முறை 1833இல் இலங்கைக்கும் வந்தது. ஏக்கர் ஒன்றுக்கு அடிவிலை ஐந்து ஷிலிங் என்று விதிக்கப்பட்டது.

இம்மாற்றத்தை ஒரு நல்ல சீர்திருத்தம் என்றே அன்று கருதினர். தேசாதிபதியின் தயவு என்பது போய், விதி என்பது வந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மறைவில் எதுவும் நடவாது. அரசின் பெட்டிக்கும் பணம் சேரும். தாளிலே பார்த்தால் குறை காண இயலாது. தாளுக்கு வெளியே எவ்வாறு நடந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

நிலம் வேண்டியவர் முதலில் அரசாங்க அதிபருக்கு விண்ணப்பம் செய்ய வேண்டும். எந்த ஆற்றுக்கும் எந்தக் குன்றுக்கும் இடைப்பட்ட காடு, ஏறக்குறைய எத்தனை ஏக்கர் என்று அவர் குறிப்பிடுவார். பிறகு நில அளவைத் திணைக்களத்தார் சென்று எல்லை வெட்டிப் படம் வரைய வேண்டும். அளவை முடிந்த பின், விற்பனை நாளும் இடமும் குறித்து அரசாங்க வர்த்தமானியில் விளம்பரம் வரும. அந்நாளில் கச்சேரியிலே ஏலம் கூறப்படும். அடிவிலையிலிருந்து கேள்வி தொடங்கும். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூறி முடிந்தவுடன், கடைசியாகக் கேட்டவர் விலையில் ஒரு பங்கை அவ்விடத்திலேயே கட்ட வேண்டும். ரிப்பன் விதிகளில் இது பத்தில் ஒன்று. எஞ்சிய தொகையைக் குறித்த தவணைக்குள் கட்டித் தீர்த்தால், தேசாதிபதியின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் உறுதி வழங்கப்படும். அந்த உறுதிக்கு மேலான உரிமைச் சான்று நாட்டில் வேறில்லை.

விண்ணப்பம் செய்தவருக்கே நிலம் கிடைக்கும் என்று விதியில் இல்லை. பல நாள் காட்டில் அலைந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, நல்ல மண்ணைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஒருவராயிருக்க, கச்சேரி வாசலில் நின்று அரைக் கிரவுண் கூட்டிக் கேட்டவர் இன்னொருவராயிருக்கலாம். தோட்டக்காரர் இதைப் பெருங்குறையாகச் சொல்லி முறையிட்டனர். அவர்கள் முறைப்பாடு காதில் விழுந்த அளவுக்கு, அதே காட்டின் ஓரத்தில் சேனை செய்து வந்த கிராமத்தவரின் முறைப்பாடு விழவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

ஏலம் விடுவதற்கு ஒரு பொருள் வேண்டும். அப்பொருள் விற்பவருக்குச் சொந்தமாயிருக்க வேண்டும். காடு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முடிக்குரிய காணிகளில் அத்துமீறிப் புகுவதைத் தடுக்கும் சட்டம் என்பது அதன் தலைப்பு. அதே ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக முதலில் இயற்றப்பட்டு, இலண்டனில் அங்கீகாரம் பெறாமற்போய், திருத்தப்பட்டு மீண்டும் வந்தது இது. காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே சொந்தம் எனக் கொள்ளப்படும் என்று இச்சட்டம் கூறிற்று. கண்டிப் பிரதேசங்களில் சேனை நிலத்துக்கு இன்னும் கடுமையான விதி. அரசன் கொடுத்த சன்னஸ் பட்டயமோ வேறு கொடைப் பத்திரமோ காட்ட வேண்டும். இல்லையேல் அவ்வட்டாரத்து வழக்கப்படியான வரியோ ஊழியமோ இருபது ஆண்டுகளுக்குள் அந்நிலத்துக்காகச் செலுத்தப்பட்டதென மெய்ப்பிக்க வேண்டும்.

“மாறாக நிரூபிக்கப்படும் வரை” என்ற அந்தச் சிறு தொடரிலேயே முழுச் சட்டத்தின் பாரமும் தங்கியிருக்கிறது. வழக்குகளில் உரிமை கோருபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. இங்கே உரிமை கோருகிறது அரசு. மெய்ப்பிக்க வேண்டியவன் கிராமத்தான். கண்டிய மன்னர் காலத்தில் வயலுக்குத்தான் ஏடு எழுதுவார்கள். லேகம் மிட்டி எனப்படும் அவ்வேடுகளில் வயலும் அதற்குரிய ஊழியமும் குறிக்கப்பட்டிருக்கும். வயலுக்கு மேலேயுள்ள மேட்டு நிலமும், அதற்கு அப்பாலுள்ள காடும் வயலோடு சேர்ந்தவை என்பது ஊரறிந்த வழக்கு. ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு முறை காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைப்பார்கள், மாடு மேய்ப்பார்கள், விறகும் பிரம்பும் எடுப்பார்கள். ஊரறிந்ததை யாராவது ஓலையில் எழுதி வைப்பார்களா? எழுதி வைக்காத குற்றத்துக்காக அது தரிசாயிற்று, தரிசானதால் முடிக்குரியதாயிற்று, முடிக்குரியதானதால் ஏலத்துக்கு வந்தது.

நீண்ட காலம் அனுபவித்தவருக்கு அச்சட்டம் ஒரு வழியும் விட்டது என்பதை மறைத்தல் ஆகாது. உரிமைப் பத்திரம் இல்லாமலே பத்தாண்டுக்கு மேல், முப்பதாண்டுக்குட்பட்டு, நிலத்தைத் திருத்தி அனுபவித்து வந்தவர், திருத்திய பெறுமதியில் பாதியைக் கட்டினால் உறுதி பெறலாம். தன் பாட்டன் வெட்டிய சேனையைப் பாதி விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். கிராமத்தானிடம் அந்தப் பாதி இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை.

சட்டம் வந்த வேளையும் கவனிக்கத்தக்கது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தபின் அங்கே கோப்பி உற்பத்தி குன்றிற்று. பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கு மதிப்பு உயர்ந்தது. எல்லோரும் நிலம் தேடினர். 1841ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 78,000 ஏக்கர் முடிக்குரிய நிலம் விற்பனையாயிற்று. 1833 தொடக்கம் பத்தாண்டுகளில் விற்ற அளவு இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. வாங்கியவர் யார் என்று பார்த்தால், வியப்பு மேலிடும். தேசாதிபதி ஸ்டுவர்ட் மக்கென்சியே அவ்வரிசையில் இருந்தார். சட்டசபை உறுப்பினர், நீதிபதிகள், இராணுவ அதிகாரிகள், சிவில் சேவையாளர், வீதி போட்ட தோமஸ் ஸ்கின்னர் போன்றோர் எல்லோரும் இருந்தனர். சட்டம் இயற்றியவரும், நிலம் அளந்தவரும், ஏலத்தை நடத்தியவரும், ஏலத்தில் கேட்டவரும் ஒரே வட்டத்து மனிதர். பகிரங்க ஏலம் என்ற சொல்லில் “பகிரங்கம்” எவ்வளவு சிறிய அறைக்குள் அடங்கியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இது இலண்டனுக்கும் எட்டியது. 1840களின் நடுப்பகுதியில் அரசாங்க உத்தியோகத்தர் தோட்டத் தொழிலில் ஈடுபடலாகாது என்று குடியேற்ற மந்திரி ஸ்டான்லி பிரபு தடை விதித்தார். அடிவிலையும் 1844இல் ஐந்து ஷிலிங்கிலிருந்து ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. நல்ல நிலம் பெரும்பகுதி கைமாறிய பின் விலை உயர்ந்தது. ஏக்கருக்கு ஒரு பவுண் என்பது தோட்டக் கம்பனிக்குப் பெரிய பாரமன்று; ஒன்றிரண்டு ஏக்கர் மேட்டு நிலம் வேண்டிய கிராமத்தவருக்கே பாரம். ஆயினும் பின்னைய காலத்தில் கிராமத்தவரும் கரைநாட்டு வியாபாரிகளும் சிறு சிறு துண்டுகளாக ஏலத்தில் வாங்கினார்கள் என்பதும் உண்மையே. விற்பனைச் சீட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்கள் பலர். ஏக்கரைக் கூட்டிப் பார்த்தால் தோட்டக்காரரே மேல்.

நில அளவை மட்டும் என்றும் பின்தங்கியே நின்றது. விற்ற வேகத்துக்கு அளக்க ஆளில்லை. அளப்பதற்கு முன்னமே காட்டை வெட்டியவரும் உண்டு. ஒருவருக்கு விற்ற துண்டின் எல்லை மற்றவர் துண்டுக்குள் புகுந்து வழக்கானதும் உண்டு. அவ்வழக்குகளால் வாழ்ந்த வழக்கறிஞர் பரம்பரையைப் பற்றித் தனியாகவே ஒரு பேச்சு நிகழ்த்தலாம்.

நேயர்களே, இந்த ஏல முறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் புறப்பட்டு வந்த திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை மாவட்டங்களிலும் ஏலம் இருந்தது. அங்கே அது அரசு நிலத்தை விற்பதற்கன்று, வரி பாக்கிக்காகக் குடியின் நிலத்தை விற்பதற்கு. சென்னை மாகாணத்தின் 1864ஆம் ஆண்டு 2ஆம் சட்டம் இதற்கென்றே ஒழுங்கு வகுத்தது. விற்பனை அறிவித்தலை ஒரு மாதத்துக்கு முன்னதாகக் கலெக்டர் அலுவலகத்திலும், தாலுகாக் கச்சேரியிலும், அந்நிலத்திலேயும் ஒட்ட வேண்டும். ஏலம் எடுத்தவர் நூற்றுக்குப் பதினைந்து உடனே கட்ட வேண்டும். மீதியை முப்பது நாளில் கட்டத் தவறினால் கட்டியதும் போய், நிலம் மறு ஏலத்துக்கு வரும்.

வங்காளத்திலே இன்னும் பழையதொரு விதி உண்டு. 1819ஆம் ஆண்டின் 8ஆம் ஒழுங்குவிதி என்பது அதன் பெயர். பர்த்துவான் ஜமீன்தார் போன்ற பெரும் ஜமீன்தார்கள் தம் நிலத்தைப் பத்தனி என்ற நிரந்தரக் குத்தகையாகப் பிரித்துக் கொடுத்திருந்தனர். பத்தனிதாரர் பாக்கி வைத்தால், அந்த உரிமையைப் பகிரங்க ஏலத்தில் விற்க அவ்விதி இடங்கொடுத்தது. அதில் ஒரு நுணுக்கத்தை நான் எப்போதும் பாராட்டுவேன். விற்பனை அறிவித்தலைக் கொண்டு செல்லும் சேவகன் வெறுமனே போய்வந்தேன் என்று சொன்னாற் போதாது. பாக்கிக்காரரிடமோ அவர் காரியஸ்தரிடமோ பற்றுச்சீட்டு வாங்க வேண்டும்; அது முடியாவிட்டால் அவ்வூரைச் சேர்ந்த தக்க மனிதர் மூவரின் கையொப்பம் பெற வேண்டும். அறிவித்தல் உரியவர் கண்ணில் பட்டதா என்பதைச் சட்டம் பொருட்படுத்தியது. ஆனால் அதே விதி வேறொரு கொடுமையையும் செய்தது. ஏலத்தில் எடுத்தவருக்கு அந்த உரிமை, முந்தியவர் ஏற்படுத்திய பந்தங்கள் யாவும் நீங்கியதாகப் போய்ச் சேரும். முந்தியவரிடம் குத்தகை பெற்ற கீழ்க்குத்தகைக்காரர், தாம் ஒழுங்காகக் கட்டியிருந்தும், பிறர் வைத்த பாக்கிக்காகத் தம் உரிமையை இழக்க நேரும்.

இப்போது நானுஓயாவுக்கு மீண்டு வருவோம். இங்கிருந்து நுவரெலியா, இராகலை வழியாக வலப்பனைக்குச் செல்வோம். மலைநாட்டின் ஏலக் கதைகளில் மிகத் துயரமானது அங்கேயே நடந்தது. அது தேயிலைத் தோட்டத்தின் கதையன்று. நெல் வயலின் கதை.

நெல் விளைவில் ஒரு பங்கை அரசிறையாகப் பெறுவது பழைய வழக்கம். ஆங்கிலேயர் அதைத் தொடர்ந்தனர். பல இடங்களில் வரி வசூலிக்கும் உரிமையையே ஆண்டுதோறும் ஏலத்தில் விட்டனர். ஏலம் எடுத்த குத்தகைக்காரர் களத்துக்கு வந்து அளக்கும் வரை உழவன் தன் நெல்லைத் தொடக் கூடாது. இந்தத் தொல்லையை நீக்குவதற்காக 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தானிய வரிக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வயலும் மதிப்பிடப்பட்டு, ஆண்டுக்கு இவ்வளவு என்று பணமாக வரி குறிக்கப்பட்டது. குத்தகைக்காரரின் கொடுமை தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணினர். ஆனால், விளைந்தால் கொடு என்றிருந்தது மாறி, நாள் வந்தால் கொடு என்றாயிற்று. கட்டத் தவறினால், நிலமே ஏலத்துக்கு வரும்.

வலப்பனைக் கிராமத்தவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வயல் நெல் வீட்டுக்கு உணவு, அது பணமன்று. வீட்டைச் சுற்றியிருந்த பத்து இருபது கோப்பி மரங்களே பணம். தோட்டத்துத் துரை மட்டுமே கோப்பி பயிரிட்டார் என்று பலர் நினைக்கின்றனர். கண்டிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கோப்பி இருந்தது. அந்தக் கோப்பியை வியாபாரிக்கு விற்று வந்த காசே வரியாகவும் உப்பாகவும் துணியாகவும் மாறிற்று. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டக் கோப்பியையும் வீட்டுக் கோப்பியையும் ஒருசேரத் தின்று தீர்த்தது. மலைநாட்டுக் கிராமத்தவர் கையில் காசு வற்றிய அதே காலத்தில், காசாகவே வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் ஒருவரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

1880களில் வலப்பனை, உடஹேவாஹெட்ட பகுதிகளில் வயல்கள் ஏலத்துக்கு வந்தன. பல வயல்கள் அவற்றின் பெறுமதியோடு ஒப்பிட்டால் சொல்லவும் கூசும் சிறு தொகைக்குப் போயின. அதற்கும் காரணம் ஏல விதியிலேயே இருந்தது. முடிக்குரிய காட்டை விற்கும்போது அடிவிலை உண்டு; அதற்குக் குறைந்து விற்கலாகாது. வரி பாக்கிக்காக விற்கும்போது தேடப்படுவது பாக்கித் தொகையேயன்றி வயலின் விலையன்று. அரசு தன் காட்டுக்குக் காட்டிய கவனத்தை உழவனின் வயலுக்குக் காட்டவில்லை. அயலவர் எவரும் கேட்க முன்வரவில்லை. கேட்க அவர்களிடமும் காசில்லை. எடுத்தவர் பெரும்பாலும் கையில் காசுள்ள வெளியார். வயலை இழந்தவரோ தம் வயலிலேயே அந்தே வாரத்துக்கு உழுதனர். சிலர் ஊரைவிட்டுப் போயினர்.

இது வெளிவந்தது ஓர் அரசாங்க உத்தியோகத்தராலேயே. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த செசில் ஜோன் றெஜினல்ட் லெ மெசூரியர் என்பவர், வயல் இழந்த குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்தார். பசியாலும் பசியோடு சேர்ந்த நோயாலும் பலர் மாண்டனர் என்று தம் அறிக்கையில் எழுதினார். தம் திணைக்களமே வசூலித்த வரியின் விளைவு இது என்று ஓர் அதிகாரி எழுதுவது எளிய காரியமன்று. அவருடைய கணக்கை மேலதிகாரிகள் மறுத்தனர், மிகைப்படுத்தினார் என்றனர். ஆனால் விடயம் அமுங்கவில்லை. வர்த்தகரும் தோட்டக்காரருமான ஜோர்ஜ் வோல் தானிய வரிக்கு எதிராக விடாது எழுதினார். இலண்டனில் கொப்டன் கழகத்தார் இதைக் கையிலெடுத்தனர். தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், 1892இல், தானிய வரி ஒழிக்கப்பட்டது. ஏலத்தில் போன வயல்கள் திரும்பி வந்ததில்லை.

இதில் நம்மவருக்குத் தொடர்பான ஒரு செய்தியும் உண்டு. உள்நாட்டு நெல்லின் வரி நீங்கியபோது, இறக்குமதி அரிசியின் தீர்வை நீங்கவில்லை. தோட்டத்து லயங்களில் பொங்கியது இறக்குமதி அரிசி. கிராமத்தவர் பாரம் குறைந்தது நன்றே. லயத்தவர் பானையிலிருந்த பாரம் அப்படியே கிடந்தது.

லெ மெசூரியரின் பிற்காலம் விசித்திரமானது. மணமுறிவு வழக்கொன்றில் அவர் பெயர் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1895இல் சட்ட நூல்களில் நிலைத்த தீர்ப்பாயிற்று. பின்னர் இஸ்லாத்தைத் தழுவி மறுமணம் செய்தார், உத்தியோகம் போயிற்று. அதன்பின் தென்மாகாணத்தில் கிராமத்தவர் உரிமை கோரிய காணிகளை வாங்கி, அவை முடிக்குரியன என்ற அரசை எதிர்த்து வழக்காடினார். கொள்கைக்காகவா இலாபத்துக்காகவா என்று அன்றே வாதித்தனர். இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். அரசோ 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி அரசாங்க அதிபர் ஒரு நிலத்தைக் குறித்து அறிவித்தல் விடுவார். மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராவிட்டால், நிலம் முடிக்குரியதென முடிவாகும். அறிவித்தல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கும். வங்காளத்துச் சேவகன் மூவரிடம் கையொப்பம் வாங்கிய வழக்கத்தை இங்கே காணோம்.

இனித் தோட்டங்களின் ஏலத்தைப் பார்ப்போம். காட்டை ஏலத்தில் வாங்கியவர் பெரும்பாலும் கடன் வாங்கியே தோட்டமாக்கினார், தோட்டமே அடகு. கோப்பி வீழ்ந்தபோது அடகுக்காரர் வழக்குப் போட்டார். நீதிமன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்றும் பிஸ்கால் தோட்டத்தை ஏலத்துக்கு விட்டார். 1884 மே மாதத்தில் ஒரியன்டல் வங்கி கதவடைத்தபோது மலைநாடு முழுதும் கலங்கிற்று. வங்கியின் நோட்டுகள் வெறுங் காகிதமாகிவிடுமோ என்று அஞ்சியவர்களுக்கு, தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதம் கொடுத்து அச்சத்தைத் தணித்தார். அடுத்த ஆண்டில் நானுஓயாவுக்கு வண்டி வந்தபோது, வழிநெடுகப் பல தோட்டங்கள் பழைய உடையவரை இழந்து புதிய உடையவரைத் தேடிக்கொண்டிருந்தன. கோப்பிக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு சிறு பங்கு கொடுத்து அவற்றை எடுத்தவர்கள் தேயிலையை நட்டார்கள். பின்னர் வந்த கம்பனிகளின் செல்வத்துக்கு இந்த மலிவான கொள்முதல் ஒரு காரணம் என்பதைத் தேயிலையின் புகழ் பாடுவோர் அதிகம் சொல்வதில்லை.

அத்தகைய ஏல அறிவித்தல் ஒன்றில் என்னென்ன இருக்கும்? மொத்தம் இத்தனை ஏக்கர், அதில் பயிரானது இவ்வளவு, காடு இவ்வளவு, பங்களா ஒன்று, களஞ்சியம் ஒன்று, உலர்த்தும் களம், கூலி லயங்கள் இத்தனை. லயம் தோட்டத்தின் கட்டடங்களில் ஒன்று. லயத்தில் இருப்பவர் அறிவித்தலில் இல்லை. அவர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கியிருக்கும். கோப்பிக் காலத்தில் சம்பளம் மாதந்தோறும் வருவது அரிது. அறுவடை விற்றபின் மொத்தமாகக் கணக்கு முடிப்பார்கள். அதற்குள் துரை முறிந்தால், தோட்டம் விற்ற பணத்தை அடகுக்காரர் எடுத்துக்கொள்வார். தொழிலாளி கங்காணியைப் பார்ப்பான். கங்காணி வானத்தைப் பார்ப்பான்.

இந்த அநீதி அவ்வளவு வெளிப்படையாக இருந்தமையால் சட்டம் தலையிட நேர்ந்தது. 1884இல் தொடங்கி, 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தில் உறுதிப்பட்ட விதி இது: தொழிலாளரின் சம்பளம் தோட்டத்தின்மேல் முதற்பொறுப்பாகும். அதாவது, தோட்டம் யார் கைக்குப் போனாலும், அடகுக்காரருக்கு முன்னே கூலிக்காரருக்கு. ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் கழிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் 1889இன் சட்டம் கூறிற்று. அறுபது நாள் என்பது இன்று நமக்கு நீண்ட தவணையாகத் தோன்றும். அன்று அது ஒரு முன்னேற்றம். மலைநாட்டு ஏலங்களின் நூற்றாண்டு வரலாற்றில், தொழிலாளி என்ற ஒருவன் இருக்கிறான் என்று விதி ஒப்புக்கொண்ட இடம் இது ஒன்றே என்று சொல்லலாம். அப்போதும் அவனுக்கு உழைத்த கூலியின்மேல் உரிமை தரப்பட்டதேயன்றி, உழைத்த நிலத்தின்மேல் அன்று.

மேட்டுக் காடுகள் எவ்வாறு தப்பின என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். 1873இல், தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹுக்கரின் ஆலோசனையையொட்டி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காட்டை விற்பது நிறுத்தப்பட்டது. ஆறுகளின் ஊற்றுக்கண் காய்ந்துவிடும் என்ற அச்சமே காரணம். நானுஓயா அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கிறது. ஆயினும் தடை வருமுன் விற்றவை விற்றவையே. தடை, அதற்கு மேலே எஞ்சியிருந்த காட்டைக் காத்தது. நாம் நிலையத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கும் காடு நிற்பதற்கு அந்த ஒரு கட்டளையும் காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் ஏல முறையின் மேலிருந்த நம்பிக்கை குலைந்தது. 1927இல் அமைந்த காணி ஆணைக்குழு, காணியைக் கூடிய விலை கேட்பவருக்கு விற்றுவிடும் கொள்கை கிராமத்தவரை நிலமற்றவராக்கிற்று என்று கண்டது. அதன் பயனாக 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. இனி முடிக்குரிய காணி, முதலில் நிலமற்ற குடியானவருக்குப் பங்கிடப்படும். பெற்றவர் அதை விற்கவும் முடியாது, கடனுக்காக அது ஏலத்துக்கு வரவும் முடியாது. வலப்பனையின் பாடத்தை இந்தச் சட்டம் கற்றுக்கொண்டது என்பேன். ஆனால் குடியானவர் என்ற சொல்லுக்குள் லயத்தவர் அடங்கவில்லை. மாறாக, கிராம விரிவுக்கென அரசு தோட்டங்களை வாங்கியபோது, அங்கே பரம்பரையாக உழைத்தவர் வெளியேறுமாறு கேட்கப்பட்டனர். கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் 1946இல் எழுந்த போராட்டம் இதன் விளைவே. இரண்டாண்டு கழித்துக் குடியுரிமையும் பறிபோயிற்று.

பிறகு நடந்தவை பலருக்கு நினைவிருக்கும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 மே மாதத்தில், நானுஓயாவுக்கு அயலிலுள்ள தலவாக்கலைப் பகுதியில், தோட்ட நிலம் ஏறக்குறைய 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் எழுந்தனர். டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் ஓர் இளைஞர் உயிர் துறந்தார். அத்திட்டம் கைவிடப்பட்டது. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. பின்னர் நிலம் நீண்ட குத்தகைக்கு விடப்பட்டது. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடும் உறுதியும் என்ற ஏற்பாடு அண்மை ஆண்டுகளிலேயே ஆங்காங்கே தொடங்கியது.

1840களில் கச்சேரியில் வழங்கப்பட்ட ஒரு பழைய உறுதியை எடுத்துப் பார்த்தால், அதில் ஒரு படம் இருக்கும். ஓடை எங்கே, பாறை எங்கே, எல்லை மரம் எது என்று நில அளவையாளர் வரைந்திருப்பார். ஏழு பேர்ச் உறுதிக்கும் படம் வேண்டும். அதை வரைவதற்கு நில அளவையாளர் லயத்துக்கு வரும் நாளைப் பல தோட்டங்களில் மக்கள் இன்னும் எதிர்பார்த்திருக்கின்றனர்.